தீராத பக்குகளைத் தானாக மூடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள்: தயாரிப்புத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

தயாரிப்புப் பிரிவுத் தலைமைக்கும் பொறியியல் மேலாளர்களுக்கும்,

நம் டிராக்கரில், அதாவது மென்பொருள் பிழைகளை (பக்குகளை) பதிந்து வைக்கும் பட்டியலில், 90 நாளாக யாரும் கை வைக்காத பக் எதுவானாலும் இனி தானாகவே மூடப்படும் என்று நீங்கள் எடுத்த முடிவு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரே இரவில் பட்டியலில் இருந்த பழைய பக்குகளில் பெரும்பாலானவை காணாமல் போயின. மறுநாள் காலை வந்த மின்னஞ்சலில் நிலுவை எண்ணிக்கை சரிந்திருப்பதைக் காட்டும் ஒரு வரைபடமும், அதற்காக எல்லோருக்கும் ஒரு பாராட்டும் இருந்தன. சப்போர்ட் பிரிவில் இருக்கும் நாங்கள் அந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்ள முடியாது. மூடிய பக்குகளில் ஒன்றைக்கூட யாரும் சரிசெய்யவில்லை. அன்று காலையிலேயே அதே பக்குகளுக்காக எங்களுக்கு அழைப்புகள் வர ஆரம்பித்துவிட்டன, இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

நாங்கள் கேட்காத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா பக்கையும் சரிசெய்து தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பக் இல்லாத மென்பொருள் என்று ஒன்று கிடையாது என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். உங்கள் டெவலப்பர்கள் சிலர்தான், புது வசதிகளுக்கு விற்பனைப் பிரிவு கொடுக்கும் நெருக்கடியும் எங்களுக்குத் தெரியும், சில பக்குகளைத் தொட்டால் வேறு நான்கு இடத்தில் உடையும் என்பதும் தெரியும். சரி, ஒரு பக்கைச் சரிசெய்யப் போவதில்லை என்று நீங்கள் முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. ஆனால் அந்த முடிவை யாராவது உட்கார்ந்து எடுத்திருக்க வேண்டும், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அது எங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது நடப்பது அது இல்லை. யாருமே முடிவெடுக்காமல் நாள்கணக்கை மட்டும் பார்த்து ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடும் சிறு நிரல், முடிவெடுக்கிறது.

90 நாள் யாரும் எதுவும் எழுதவில்லை என்றால் அந்தப் பக்கால் யாருக்கும் தொல்லை இல்லை என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். பக் டிராக்கரில் ஏன் சத்தம் நின்றுபோகிறது என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வாடிக்கையாளர் எங்களிடம் புகார் சொல்வார், நாங்கள் சப்போர்ட் டிக்கெட் போடுவோம், அதை உங்கள் டிராக்கரில் உள்ள பக்கோடு இணைப்போம். அடுத்தடுத்து வரும் புகார்கள் எல்லாம் சப்போர்ட் டிக்கெட்டில்தான் சேர்கின்றன. பக்கின் பக்கத்தில் புதிதாக ஒரு வரிகூட விழாது, ஏனென்றால் பல மாதங்களுக்கு முன்பே நாங்கள் லாக் (மென்பொருள் தானாக எழுதும் பதிவு), ஸ்கிரீன்ஷாட், என்ன அழுத்தினால் என்ன ஆகிறது என்பது வரை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம், அதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. சில வாடிக்கையாளர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் புகார் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பிரச்சினையோடு வாழப் பழகிக்கொண்டார்கள். உங்கள் ஸ்கிரிப்ட் கண்ணுக்கு இது எல்லாமே ஒன்றுபோல, அமைதியாக இருக்கும் ஒரு பக்.

மூடப்பட்டதில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். சரக்கு வரவு பதிவுத் திரை. பயனர் விவரங்களை நிரப்பி 'சேமி' பொத்தானை அழுத்துகிறார். நெட்வொர்க் கொஞ்சம் மெதுவாக இருந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அப்புறம் 'சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்' என்று செய்தி வருகிறது. உண்மையில் சர்வர் அந்தப் பதிவைச் சேமித்துவிட்டது, பதில் மட்டும்தான் திரும்பி வந்து சேரவில்லை. பயனர் என்ன செய்வார்? திரையே சொல்கிறது என்று மீண்டும் அழுத்துகிறார். இரண்டாவது பதிவும் உள்ளே போகிறது. ஒரே சரக்கு, ஒரே தொகை, ஒரே பயனர், வவுச்சர் எண் மட்டும் வேறு, இடைவெளி சில விநாடிகள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் சர்வர் ஏற்காமல் விட்டால் தீர்ந்துவிடக்கூடிய விஷயம் இது என்று உங்கள் பிரிவிலேயே ஒருவர் கருத்து எழுதியிருந்தார். அவர் பிறகு வேறு குழுவுக்குப் போய்விட்டார். பக் யார் பெயரிலும் இல்லாமல் கிடந்தது. 'என் கணினியில் வரவில்லை' என்று ஒருமுறையும் 'கூடுதல் தகவல் தேவை' என்று ஒருமுறையும் நிலை மாறியது. கேட்ட தகவலைக் கொடுத்தோம். அதைப் பார்த்ததாக யாரும் எழுதவில்லை. இப்போது மூடியாகிவிட்டது.

இதற்கு நாங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லும் வொர்க்கரவுண்ட், அதாவது தற்காலிக மாற்று வழி, என்ன தெரியுமா? பிழைச் செய்தி வந்தால் உடனே மீண்டும் அழுத்தாதீர்கள், பட்டியலுக்குப் போய் பதிவு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் கேஷிலிருந்து (முன்பே எடுத்து வைத்த நகலிலிருந்து) வருகிறது, புதிய பதிவு அதில் தெரிய நேரம் ஆகிறது. பார்த்தார், இல்லை, அழுத்தினார், இரண்டாகிவிட்டது. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர் ஒவ்வொரு வவுச்சர் எண்ணையும் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்து, மாலையில் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். வேலையைக் குறைப்பதற்காக வாங்கிய மென்பொருள் அவருக்கு இரட்டை வேலை வைத்திருக்கிறது. மாதக் கடைசியில் கையிருப்பும் கணக்கும் ஒத்துப்போகாதபோது அவருடைய முதலாளி முதலில் சந்தேகப்பட்டது மென்பொருளை இல்லை, அவரைத்தான். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இது எனக்கு மட்டும்தான் நடக்கிறதா சார், இல்லை எல்லோருக்கும் நடக்கிறதா?"

இந்தக் கேள்விக்கு எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பதில், 'உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம், சம்பந்தப்பட்ட குழு ஆராய்ந்து வருகிறது' என்பதுதான். மற்ற வாடிக்கையாளர்களுக்கும் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது. பக் திறந்திருந்தவரை இந்தப் பதிலில் பாதியாவது உண்மை இருந்தது, எங்கேயோ ஒரு வரிசையில் அது நிற்கிறது என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம். இனி அந்தப் பாதியும் இல்லை. ஆராய யாரும் இல்லாத ஒன்றை ஆராய்ந்து வருகிறார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதை நாங்கள் செய்ய மாட்டோம்.

'எனக்கு மட்டும்தான் நடக்கிறதா' என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சல் துறையின் ஹொரைசன் மென்பொருள் விவகாரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள், படிக்கவில்லை என்றால் தயவுசெய்து படியுங்கள். 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் புகுத்தப்பட்ட அந்தக் கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட அஞ்சலகக்காரர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். உதவி மையத்தை அழைத்தபோது உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்றே சொன்னார்கள் என்று அவர்களில் பலர் பின்னாளில் சாட்சியம் சொன்னார்கள். ஆனால் அந்த மென்பொருளைப் பராமரித்த நிறுவனத்திடம் தெரிந்த பிழைகளின் பதிவேடு ஒன்று அவ்வளவு காலமும் இருந்தது! சப்போர்ட் ஆள்கள் அதில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பதிவேடு பாதிக்கப்பட்டவர்கள் கைக்கு வருவதற்கே வழக்கு நடத்த வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது, 2024இல் தண்டனைகளை ரத்து செய்ய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. நம் மென்பொருள் அந்த அளவுக்குப் பெரியது இல்லை என்பீர்கள். இருக்கலாம். வேலை போகிறதா என்று பயப்படும் அந்தக் கணக்கர் அம்மாவுக்கு அந்த அளவு வித்தியாசம் என்ன ஆறுதல் தரும்?

எதற்கு இவ்வளவு தூரம் போய் உதாரணம் சொல்கிறேன் என்றால், அங்கே அந்தப் பதிவேடாவது இருந்தது. நீங்கள் இப்போது செய்திருப்பது நம்மிடம் இருக்கும் பதிவேட்டையே கிழிக்கிற வேலை. மூடிய பக்குகள் தேடலில் முதலில் வருவதில்லை, திறந்தவற்றை மட்டும் காட்டு என்பதுதான் டிராக்கரில் இயல்பான அமைப்பு. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த முதல்நிலை சப்போர்ட் பையன் வாடிக்கையாளர் சொல்வதைத் தேடிப் பார்க்கிறான், எதுவும் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபடி கேஷை அழியுங்கள், வேறு பிரவுசரில் முயலுங்கள், கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று ஆரம்பிக்கிறான். ஏற்கெனவே இதையெல்லாம் செய்துவிட்ட வாடிக்கையாளர் கத்துகிறார். பிறகு எங்களிடம் வருகிறது, எங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் மறுபடி லாக் எடு, மறுபடி ஸ்கிரீன்ஷாட் கேள், மறுபடி புது பக் போடு. அந்தப் புது பக்கும் 90 நாளில் மூடப்படும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றில் சேர்த்த ஆதாரம் எல்லாம் வீணாகிறது.

இதோடு இன்னொன்று. பக் மூடியதும் அதோடு இணைந்த சப்போர்ட் டிக்கெட்டுகளும் தானாக மூடிக்கொண்டன. வாடிக்கையாளருக்கு 'உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்' என்று மின்னஞ்சல் போயிருக்கிறது. எதுவும் தீரவில்லை என்று திட்டி வந்த பதில்கள் எல்லாம் எங்கள் பெயருக்கு எதிரே குறைந்த மதிப்பெண்ணாக ஏறியிருக்கின்றன. வரைபடத்தில் பெருமை உங்கள் பிரிவுக்கு, மதிப்பெண் வெட்டு எங்கள் பிரிவுக்கு. இதை யோசித்துத்தான் செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. யோசிக்காமல் செய்ததுதான் என் புகார்.

'என் கணினியில் வரவில்லை' என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் மூடப்பட்டவற்றில் நிறைய பக்குகள் இந்த ஒரு வரியால்தான் சாகக் கிடந்தன. உங்கள் சோதனைச் சூழலில் தரவு கொஞ்சம், நெட்வொர்க் வேகம், பயனர் ஒருவர். ஒரு திரையில் பல வருடம் வேலை செய்தவரின் கை எவ்வளவு வேகமாகப் போகும் என்பது அங்கே தெரியாது. தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை இயந்திரத்தின் கதை மென்பொருள் படித்த எல்லோரும் பாடத்தில் கேட்டதுதான். 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். பாடத்தில் போட்டி நிலைப் பிழை (ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள் முந்திப் பிந்துவதால் வருவது) என்று சொல்லி முடித்துவிடுவார்கள், எங்களைப் போன்றவர்கள் கவனிப்பது வேறு ஒன்றை. 1986இல் டெக்சாஸ் மருத்துவமனை ஒன்றில் முதல் விபத்து நடந்தபோது தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், திரையில் வந்த 'மால்ஃபங்ஷன் 54' என்ற பிழையை அவர்களால் வரவழைக்க முடியவில்லை. அளவுக்கு மீறிய கதிர்வீச்சு சாத்தியமே இல்லை என்றார்கள். இயந்திரம் திரும்ப ஓடியது. சில வாரங்களில் அதே மருத்துவமனையில் இன்னொருவர் பாதிக்கப்பட்டார். அப்புறம் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் சேர்ந்து உட்கார்ந்து, என்னென்ன அழுத்தினோம் என்று ஞாபகப்படுத்தி, மறுபடி மறுபடி செய்து பார்த்துப் பிழையை வரவழைத்தார்கள். விஷயம் இதுதான்: விவரங்களை வேகமாகத் திருத்தினால்தான் அந்தப் பிழை வரும். பழகிய கை செய்யும் வேகத்தில் வரும் பிழை, நிதானமாகச் சோதிப்பவர் கையில் வராது.

அங்கே பிழையைக் கண்டுபிடித்தவர்கள் இயந்திரத்தோடு தினமும் வேலை செய்தவர்கள். நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எந்த நிலையில் எந்தத் திரை உறையும் என்று எங்களுக்குத் தெரியும், வாடிக்கையாளரின் திரையைப் பகிர்ந்து பார்த்து நேரில் கண்டதுதான். ஒரு டெவலப்பர் எங்களோடு அரை நாள் உட்கார்ந்தால் 'வரவில்லை' என்ற பக்குகளில் பலவற்றை அவர் கண் முன்னாலேயே வரவைத்துக் காட்ட முடியும். இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஸ்பிரிண்டில் (சில வாரங்களுக்கான வேலைத் திட்டத்தில்) இடமில்லை என்பதுதான் பதில்.

அடுத்து, வொர்க்கரவுண்ட். 'மாற்று வழி இருக்கிறது' என்று குறித்தாலே ஒரு பக்கின் முன்னுரிமை தானாக இறங்கிவிடுகிறது. மாற்று வழி எவ்வளவு தூரம் தாங்கும், யாரால் செய்ய முடியும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. விண்டோஸ் 95இலும் 98இலும் ஒரு பக் இருந்தது, 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் கணினி உறைந்துவிடும், மில்லிவிநாடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி நிரம்பிவிடுவதால். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அந்தக் காலத்தில் அவ்வளவு நாள் யாரும் கணினியை நிறுத்தாமல் ஓட்டவில்லை, அதனால் பெரிய சேதம் இல்லை. இதே மாதிரிப் பிழை வேறு இடத்தில் இருந்தால் அப்படி விட முடியாது. போயிங் 787 விமானத்தின் மின் உற்பத்திக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஒரே நேரத்தில் நின்றுபோகக்கூடும் என்று தெரிந்ததும், 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திப் போடச் சொல்லி உத்தரவே போட்டது. அதுவும் ரீஸ்டார்ட்தான். ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் செய்ய வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில், கட்டாயமாக.

எழுத்தில் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1991 வளைகுடாப் போரில், எதிரி ஏவுகணையை வானிலேயே தடுக்கும் பேட்ரியட் ஏவுகணைக்கு நடந்தது போதும். அதன் கணினி நேரத்தைக் கணக்கிடுவதில் மிகச் சிறிய பிழை, ஓட ஓட அது சேர்ந்துகொண்டே போகும். எட்டு மணி நேரம் ஓடினாலே குறி விலகுகிறது என்று இஸ்ரேல் தரப்பு பிப்ரவரி 11ஆம் தேதியே தகவல் கொடுத்தது. திருத்தமும் எழுதினார்கள். 21ஆம் தேதி களத்தில் இருந்தவர்களுக்கு ஒரு செய்தி போனது, 'மிக நீண்ட நேரம்' ஓடினால் விலகல் வரும் என்று. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. 25ஆம் தேதி சவுதி அரேபியாவின் தஹ்ரானில் சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்த பேட்ரியட், வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. புகார் கொடுத்தவர் எண்ணோடு கொடுத்தார், மாற்று வழி சொன்னவர் எண் இல்லாமல் சொன்னார். நம் அறிவுக் களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள், 'அவ்வப்போது சேவையை ரீஸ்டார்ட் செய்யவும்' என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது என்று. அவ்வப்போது என்றால் எப்போது?

நம் வொர்க்கரவுண்டுகளில் மோசமானது எது என்று கேட்டால், இரட்டைப் பதிவை அழிக்க நாங்கள் ஓட்டும், தரவுத்தளத்துக்கு நேரடிக் கட்டளை கொடுக்கும் எஸ்கியூஎல் ஸ்கிரிப்ட். வாடிக்கையாளர் சொல்லும் வவுச்சர் எண்ணை வாங்கி, உற்பத்தித் தரவுத்தளத்தில் (வாடிக்கையாளரின் உண்மையான தரவு இருக்கும் இடத்தில்) நேரடியாக அந்தப் பதிவை அழிக்கிறோம். அதை எழுதியவர் இப்போது வேலையில் இல்லை, அது எந்த ரெப்பாசிட்டரியிலும் (நிரல்களின் பொதுச் சேமிப்பிடத்திலும்) இல்லை, சப்போர்ட் ஆள்களின் மடிக்கணினியில் ஆளுக்கொரு பதிப்பாக இருக்கிறது. எந்தப் பதிவு அசல், எந்தப் பதிவு நகல் என்று தீர்மானிப்பது அந்த நேரத்தில் பணியில் இருப்பவர். நகலோடு இணைந்து ஒரு கட்டணப் பதிவு ஏற்கெனவே போயிருந்தால், அழித்த பிறகு அது அந்தரத்தில் தொங்கும். இந்த ஆபத்தை எழுத்தில் சொல்லியிருந்த இடம் அந்த பக் பக்கம் ஒன்றுதான், அதைத்தான் இப்போது மூடிவிட்டீர்கள்.

சரிசெய்ய மாட்டோம் என்று நேர்மையாகச் சொல்ல முடியாதா? முடியும். எக்செல் 1900ஆம் ஆண்டை லீப் ஆண்டாக எடுத்துக்கொள்கிறது, இல்லாத பிப்ரவரி 29ஐ இருப்பதாகக் கணக்கிடுகிறது. அதற்கு முன்பிருந்த கணக்குத்தாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3இல் இருந்த பிழை, கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டார்கள். திருத்தினால் உலகத்தில் உள்ள எல்லாத் தாளிலும் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதுபோன்ற காரணங்களை மைக்ரோசாஃப்ட் பொதுவில் எழுதி வைத்திருக்கிறது. யாரும் சண்டைக்குப் போகவில்லை. இதே எக்செலில் இன்னொன்று, 'மார்ச்1', 'செப்ட்2' போன்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும் பழக்கம். ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் புலம்பினார்கள், கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு பெயர்களையே மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி 2023இல்தான் வந்தது. முதல் பிழை திருத்தப்படவே இல்லை, ஆனாலும் அது பெரிதாக யாரையும் காயப்படுத்தவில்லை, ஏனென்றால் அது இருப்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில், பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் துறையின் பெயர்களையே மாற்றிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். நம் வாடிக்கையாளர் நோட்டுப் போட்டு எழுதுவதும் அதே கதைதான்.

ஐட்டில் என்ற ஐடி சேவை மேலாண்மைப் பயிற்சிக்கு எங்கள் எல்லோரையும் அனுப்பியது நீங்கள்தான். ஒருமுறை நடந்த இடையூறு வேறு, அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் வேறு, காரணம் ஆராயப்பட்டும் தீராமல் இருக்கும் 'தெரிந்த பிழை' வேறு என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்த பிழைக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும், மாற்று வழியை அதில் எழுத வேண்டும், அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் சான்றிதழ் வாங்கினோம். அந்தப் பதிவேட்டை நடத்த ஆள் தரவில்லை, இருந்ததையும் ஸ்கிரிப்ட் துடைத்துவிட்டது.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது அந்த ஒற்றை எண், திறந்திருக்கும் பக்குகளின் எண்ணிக்கை. அது குறைந்தால் உங்கள் காலாண்டு அறிக்கை நன்றாக இருக்கும். எங்களுக்கும் இப்படி ஒரு எண் உண்டு, முதல் அழைப்பிலேயே தீர்த்த டிக்கெட் எத்தனை என்று. இரட்டைப் பதிவை ஸ்கிரிப்ட் ஓட்டி அழித்துவிட்டு டிக்கெட்டை மூடினால் எனக்கும் நல்ல மதிப்பெண். அதே வாடிக்கையாளர் அடுத்த வாரம் அதே காரணத்துக்கு அழைத்தால் இன்னொரு நல்ல மதிப்பெண். பக் இருப்பதால் நம் இரண்டு பிரிவும் எண்ணில் நன்றாகத் தெரிகிறோம், சிரமம் முழுக்க வாடிக்கையாளர் தலையில். ஒரு பக்கால் மாதத்துக்கு எத்தனை அழைப்பு, அதற்கு எங்கள் நேரம் எவ்வளவு, வாடிக்கையாளர் நேரம் எவ்வளவு, எத்தனை முறை தரவைக் கையால் திருத்தினோம் என்பதையெல்லாம் எண்ணினால் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதில் வாக்குவாதமே வராது. அந்தத் தகவல் டிக்கெட்டுகளில் இருக்கிறது, இணைப்பை அறுக்காமல் இருந்தால் போதும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

தானாக மூடும் ஸ்கிரிப்டை இன்றே நிறுத்துங்கள். அது மூடியவை எல்லாவற்றையும், இணைந்திருந்த சப்போர்ட் டிக்கெட்டுகளோடு சேர்த்து, பழைய நிலைக்குத் திருப்புங்கள். தீர்க்கப்பட்டது என்று தவறாக மின்னஞ்சல் போன வாடிக்கையாளர்களுக்கு அது தவறு என்று நிறுவனத்தின் பெயரில் நீங்களே எழுதுங்கள், எங்களை எழுதச் சொல்லாதீர்கள். அந்த மின்னஞ்சலால் விழுந்த மதிப்பெண்களை சப்போர்ட் ஆள்களின் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

பழைய பக்குகளைக் குறைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. மாதம் ஒருமுறை ஒரு டெவலப்பர், ஒரு தயாரிப்பு மேலாளர், எங்களில் ஒருவர் மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சரிசெய்யப் போகிறோம் என்றால் யார் பெயரில், எந்த வெளியீட்டுக்குள் என்று எழுதுங்கள். சரிசெய்யப் போவதில்லை என்றால் காரணத்தை எழுதி, முடிவெடுத்தவர் பெயரைப் போட்டு, அதற்கென்று ஒரு தனி நிலையில் வையுங்கள், தேடினால் கிடைக்கும்படி. உண்மையிலேயே நகல், அல்லது பழைய பதிப்போடு போய்விட்டது என்றால் தாராளமாக மூடுங்கள், நாங்களே பட்டியல் எடுத்துத் தருகிறோம்.

'வரவில்லை' என்று ஒரு பக்கைத் திருப்பி அனுப்பும் முன் அந்த டெவலப்பர் ஒருமுறையாவது எங்களோடு திரையைப் பகிர்ந்து பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஒவ்வொரு வொர்க்கரவுண்டுக்கும் எல்லை எழுதப்பட வேண்டும்: எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, யார் செய்வது, எப்போது வேலை செய்யாது, எந்தத் தேதிக்குள் மறுபரிசீலனை. உற்பத்தித் தரவைத் தொடும் ஸ்கிரிப்ட் எல்லாம் ரெப்பாசிட்டரிக்குள் வர வேண்டும், ஒரு டெவலப்பர் அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதுவரை அந்த இரட்டைப் பதிவு ஸ்கிரிப்டை உங்கள் பிரிவே ஓட்டட்டும்.

தெரிந்த பிழைகளின் பட்டியலை வாடிக்கையாளருக்குத் திறந்து காட்டுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளைத் திருத்தம் வரும்வரை மறைத்து வைக்க வேண்டியிருக்கும், அது புரிகிறது, மற்றவற்றுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. 'இது எனக்கு மட்டும்தானா' என்று கேட்பவரிடம், இல்லை, மற்றவர்களுக்கும் நடக்கிறது, இது எங்கள் மென்பொருளின் பிழை, உங்கள் தவறு இல்லை என்று சொல்ல எங்களுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அவர் கேட்டால் அதை அவருடைய மேலதிகாரிக்குக் கடிதமாகவும் தர அனுமதி வேண்டும்.

கடைசியாக, சரக்கு வரவுத் திரையின் இரட்டைப் பதிவுப் பிழையை அடுத்த வெளியீட்டில் சேருங்கள். லாக், நேரம், வரவழைக்கும் முறை எல்லாம் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த ஸ்பிரிண்ட் திட்டமிடும் கூட்டத்துக்கு முன் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம், அந்தக் கூட்டத்தில் எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் உட்கார இடமும்.

இப்படிக்கு,
இரண்டாம் நிலை சப்போர்ட் பிரிவிலிருந்து